பச்சை உடுப்பில் மூன்று தையல்

1

சட்டைக்கு வயது சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. இங்கிலாந்தின் வடக்கே, மழை விட்டால் தூறல், தூறல் விட்டால் மழை என்றிருக்கும் ஒரு சிறு நகரத்தில் பதினோரு வருடமாக ஒரு கடையில் இருக்கிறேன். பெயர் பெற்ற வடிவமைப்பாளர்களின் பழைய உடுப்புகளை வாங்கி விற்கிற கடை. யாராவது ஒரு கவுனைக் கொண்டுவந்து மேசையில் போட்டால் நான் முதலில் அதன் அழகைப் பார்க்க மாட்டேன். உள்பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஜிப்பு உலோகமா, நைலானா? கழுத்தில் தைத்த பெயர்ப் பட்டி நெய்ததா, அச்சடித்ததா? எப்படித் துவைக்க வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும் என்று படம் போட்ட துணுக்கு உள்ளே இருக்கிறதா? அந்தத் துணுக்கு இல்லாமல், உலோக ஜிப்போடு, உள்துணியைக் கையால் தைத்திருந்தால் அது பெரும்பாலும் என்னைவிட மூத்தது, எனக்கு அக்கா முறை.

பார்த்து முடித்ததும் ஓர் அட்டையில் எழுதுவேன். இன்னார் வடிவமைத்தது, சுமார் இந்த வருடம், பழுதுபார்த்த இடங்கள் இவை. முதலாளி ஹெலன் என் அட்டையை நம்பி விற்பாள். வாங்குகிறவர்கள் ஹெலனை நம்பி வாங்குவார்கள்.

மதுரை தல்லாகுளத்தில் இருக்கும் என் அண்ணன் முருகேசன் தெருவில் இதைச் சொல்லும் விதமே வேறு. "தங்கச்சி லண்டன்ல பேஷன் கம்பெனில ஆபீசரா இருக்கு." நான் இருக்கும் ஊரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் மூன்று மணி நேரம் போக வேண்டும். ஆபீசரும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. ஆனால் அண்ணனைத் திருத்த எனக்கு வாய் வந்ததில்லை. திருத்தினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

அம்மா முத்துப்பேச்சி பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் எங்கள் இருவரையும் வளர்த்தவள். நல்ல நாள் பெரிய நாளில் நிலம் வைத்திருக்கும் சம்சாரி வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகள் போட்டுக் கழித்த துணியை மடித்து நீட்டுவார்கள். அம்மா கை நீட்டியதே இல்லை. "பிள்ளைகளுக்கு இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்துவிடுவாள். எங்கே இருந்தது? இருந்த இரண்டை மாற்றி மாற்றித் துவைத்து, பிரிந்த இடத்தைப் பிரிந்தது தெரியாமல் தைத்துப் போட்டுவிடுவாள். "கிழிசலை வெளிய காட்டாத. பாக்குறவுக துணியவா பாப்பாக? நம்மளத்தான் பாப்பாக." அவளிடம் போய், நான் அடுத்தவர் போட்டுக் கழித்ததைத் தொட்டுத் தடவிப் பிழைக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? துணிக்கடையில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். துணிக்கடைதானே?

2

போன கோடையில் பேட் என்கிற மூதாட்டி எங்கள் கடைக்கு ஆறு உடுப்புகளைக் கொண்டுவந்தார். வயது எண்பத்தொன்று. சின்ன வயதில் லண்டனில் ஒரு வடிவமைப்பாளரின் தையல் அறையில் ஊசி பிடித்தவர். வீட்டை ஒழித்துவிட்டு முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்குப் போகப் போகிறார். அந்த அறையில் பெட்டி வைக்கவே இடமில்லையாம். ஆறில் ஐந்து சாதாரண நல்ல உடுப்புகள். ஆறாவதைத் திருப்பிப் பார்த்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து மறுபடி தொட்டேன். கரும்பச்சைப் பட்டு, முதுகில் உலோக ஜிப்பு, வடிவமைப்பாளர் பெயர் நெய்த பட்டி, எண்ணி வைத்த மாதிரிக் கைத்தையல்.

"இதில் நான் மட்டும்தான் நுழைந்திருக்கிறேன். தைத்த நாளுக்குப் பிறகு யாரும் ஊசி வைக்கவில்லை" என்றார் பேட். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் தையலை வரி வரியாகப் பார்த்தேன். உண்மைதான். அட்டையில் 'பழுதுபார்த்த இடம்: இல்லை' என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் ஹெலன் முன்னாடியே கிளம்பிவிட்டாள். மறுநாள் எனக்கு மதுரைக்கு விமானம். கிளம்புமுன் பச்சை உடுப்பைக் காட்சி ஜன்னலில் பொம்மைக்கு மாட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தப் பொம்மைக்கு ஒரு கை இடுப்பில், ஒரு கை சற்று உயர்ந்திருக்கும். உயர்ந்த கையை நுழைத்தபோது இடது அக்குளில் டப்பென்று ஒரு சத்தம். துணி கிழியவில்லை. பழைய நூல், இற்றுப்போய் விட்டுவிட்டது. நான்கு விரற்கடைக்குத் தையல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

எங்கள் கடையில் இதற்கு ஒரே விதிதான். தொடாதே, அட்டையில் எழுது, ஹெலனிடம் சொல். பதினோரு வருடம் மற்றவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் உயர்ந்த கைக்குக் கீழே, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற ஜன்னலில், அந்தப் பிளவு. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. என் கைப்பையில் ஊசியும் நாலைந்து நிற நூலும் எப்போதும் கிடக்கும். பச்சை அச்சு அசலாகப் பொருந்தியது. பாலியெஸ்டர் நூல். உட்கார்ந்து தைத்துவிட்டேன்.

அதிலும் ஒரு வரித் தையல் போதும். மதுரைக் கைக்கு ஒரு வரி தெரியாதே! கல்யாணத்துக்கு முன்னால் தல்லாகுளத்தில் நான் தைத்த ரவிக்கைகளுக்கெல்லாம் பக்கவாட்டில் மூன்று வரி ஓடும். உடம்பு பெருத்தால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். பிள்ளை பெற்று இன்னும் பெருத்தால் இன்னொன்று. நம் ஊரில் எந்தத் தையல்காரரும் அப்படித்தான் தைப்பார். கண்ணாடி ஜன்னலில் நிற்கிற பொம்மை பெருக்கவா போகிறது? அதெல்லாம் யோசிக்கவில்லை. கை அது பாட்டுக்கு ஓட்டிவிட்டது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது.

அட்டையை நான் மாற்றவில்லை. வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

3

மதுரைக்கு வந்தது அம்மாவின் காகித வேலைக்காக. ஊரில் அவள் பெயரில் கொஞ்சம் நிலம். கூலிக்குப் போன மண்ணுக்குப் பக்கத்திலேயே, அண்ணன் சம்பாதித்து வாங்கிக் கொடுத்தது. அதில் ஒரு பெயர்க் குழப்பம். கூடவே என் மகள் யாழினியும் வந்தாள். பத்தொன்பது வயது. அவளுடைய தமிழ் எங்கள் வீட்டுச் சமையலறையில் பிறந்து அங்கேயே நின்றுவிட்ட தமிழ். பஸ் கண்டக்டரிடம் "நீ எங்கே போறே?" என்று கேட்டுவிட்டாள். அவர் நல்ல மனுஷர். "நான் பெரியார் நெலையம் போறேன் பாப்பா, நீ எங்க போற?" என்றார். பஸ்ஸே சிரித்தது. யாழினி இரண்டு நாள் பஸ் ஏறவில்லை.

இரண்டாவது வாரம் ஹெலனிடமிருந்து செய்தி வந்தது. அண்ணன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பச்சை உடுப்பு விற்றுப்போனதாம். வாங்கிய பெண் ஒரு நிபுணரிடம் காட்டியிருக்கிறாள். அவர் இடது அக்குளில் ஓர் இழையை உருவிப் பற்றவைத்திருக்கிறார். பட்டு நூல் என்றால் சாம்பலாகும். இது உருகி மணியாக உருண்டிருக்கிறது. உடுப்பு திரும்பி வந்துவிட்டது. பிறகு ஹெலன் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: "பேட்டை வரவழைத்துத் தையலைக் காட்டினேன். அதுவரை யாரும் தொடவில்லை என்று சாதித்தவர், பார்த்ததும் 'எனக்கு ஞாபகம் இல்லை' என்கிறார். பொய் சொல்லி ஏமாற்றியிருக்கிறார். ஆறு உடுப்பையும் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். மற்ற கடைக்காரர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும். நீ வருத்தப்படாதே, உன்மேல் தப்பில்லை. அவர் வார்த்தையை நம்பி அட்டை எழுதினாய்."

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் வந்தது. உன்மேல் தப்பில்லை என்கிற வார்த்தையை மூன்று தடவை படித்தேன். பிறகு பதில் போட்டேன். "அப்படியா? வருத்தமாக இருக்கிறது." நான் தட்டிய சொற்கள் அவ்வளவுதான்.

நான்கு நாள் அப்படியே ஓடிற்று. சொன்னால் வேலை போய்விடும். ஐம்பத்து நாலு வயதில் என் கண்ணை நம்பி எனக்கு வேலை கொடுக்கிற கடை அந்த நாட்டிலேயே அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் ஒரு கிழவி பொய்க்காரி ஆகிறார். பெட்டியில் அடுக்கி வைத்த ஆறு உடுப்பும் யாரும் தொடாத சரக்காகிவிடும். அவருக்கென்று அந்த ஊரில் மிச்சமிருந்தது அந்த நல்ல பேர்தான். எல்லாம் தெரிந்துதான் இருந்தேன். அண்ணன் கறிக்கஞ்சி வாங்கி வருவான், குடிப்பேன். "என்ன செல்வி, மொகமே சரியில்ல? ஒடம்புக்கு என்ன?" என்பான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். மதுரைப் பக்கம் பிறந்தவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். அதையும் அவன் நம்பினான்.

4

ஐந்தாம் நாள் அம்மாவின் காகிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. அங்கிருந்தவரும் கெட்டவர் இல்லை. அம்மாவை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிரச்சினை இதுதான்: அடையாள அட்டையில் அம்மா முத்தம்மாள், பத்திரத்தில் முத்துப்பேச்சி.

"இந்த ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படிம்மா எடுத்துக்கிறது?"

"ரெண்டும் நான்தான்யா. பேரு வச்சது முத்துப்பேச்சி. அட்டைக்கு எழுத வந்த தம்பி முத்தம்மான்னு எழுதிட்டுப் போயிட்டாரு. எனக்குப் படிக்கத் தெரியுமா, பாத்துச் சொல்ல?"

"நீங்க சொன்னா ஆச்சாம்மா? பேப்பர் பேசணும்ல."

"பேப்பர் பேசும், நான் பேசக் கூடாதாக்கும்?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். சம்சாரி வீட்டு வாசலில் நிற்கும்போது அவள் அப்படித்தான் போர்த்துவாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"எங்கம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா சார்? அவங்க ஆயுசுல பொய் சொன்னது கெடையாது!"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா கத்துறீங்க? பொய்னு நான் சொன்னேனா? இவுக சொல்றது நெசமாத்தான் இருக்கும். நெசம்னு சொல்றதுக்கு இன்னொரு ஆள் வேணும்ல? தெரிஞ்ச ஆளு வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு."

தெரிந்த ஆள் வந்து ஒரு வார்த்தை. அண்ணன் உறுதிமொழிப் பத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் மெல்ல எழுந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன்.

5

திரும்பும்போது மணி இரண்டரை. இங்கிலாந்தில் காலை பத்து, கடை திறக்கிற நேரம். அண்ணன் வண்டி ஓட்டினான். நான் முன்னால், அம்மாவும் யாழினியும் பின்னால். திருமங்கலம் வருவதற்கு முன்னால் ஹெலனைக் கூப்பிட்டேன். வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம் என்று நினைத்தால் மறுபடி தைரியம் போய்விடும் என்று பயம்.

"அந்தத் தையல் நான் போட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உடுப்பு என் கையில் பிரிந்தது, நானே தைத்தேன், அட்டையை மாற்றவில்லை, உன் செய்தி வந்தும் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை, பேட் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஹெலன், "முதலில் நான் பேட்டைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். உன்னைப் பற்றி நீ வந்த பிறகு பேசலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

யாழினிதான் முதலில் பேசினாள். "அம்மா... என் ஜீன்ஸுக்குச் செய்ததை அதுக்கும் செய்தியா?" பதினாலு வயதில் அவள் ஆசையாக வாங்கிய, முட்டி கிழிந்த ஜீன்ஸை நான் தைத்துவைத்து, அவள் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்த கதை அது.

"என்னடி? என்ன சொல்றா ஒங்கம்மா? ஏன் அழுகுறா?" என்று அம்மா கேட்க, யாழினி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். ஒரு பாட்டியின் பழைய சட்டை. அம்மா தைத்துவிட்டாள். பாட்டி பொய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவின் கடை பழைய சட்டைக் கடை. எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள், புண்ணியவதி.

"பழந்துணியா விக்கிற?" அம்மாவின் குரல் என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. "ஆபீசருன்னான் இவன்?"

அண்ணன் சாலையைப் பார்த்தபடி, "நான் என்னத்தக் கண்டேன்? தங்கச்சி சொன்னதத்தான் சொன்னேன்" என்றான். நான் எங்கே சொன்னேன்? சண்டை போடவும் தெம்பு இல்லை.

"அம்மா, ஒனக்குப் புடிக்காதுன்னுதான் சொல்லலை. பழந்துணிய நீ கையால தொட மாட்டியே."

"யாரு சொன்னா? குடுத்தா வாங்க மாட்டேன். குடுத்தவள நாளைக்கு நின்னு கும்புடணும்ல? நீ குடுக்கவா செய்ற? விக்கிற. காசக் குடுத்து வாங்குறவ யாரக் கும்புடப் போறா? இதுல என்ன அசிங்கங்கிறேன்?"

பதினோரு வருடம் நெஞ்சில் கட்டித் தூக்கிய சுமையை இரண்டு வரியில் இறக்கிவைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் அவள் விட்டுவிடவில்லை.

"அது கெடக்கட்டும். நாலு நாளா ஒரு பெரிய மனுசியக் கள்ளியா நிக்க வச்சிருக்க. அம்புட்டு நாளும் நல்லாச் சோறு எறங்குச்சாக்கும்?"

பசுமலை தாண்டி ஊருக்குள் நுழையும்வரை நான் பின்னால் திரும்பவே இல்லை.

6

திரும்பிப் போனதும் ஹெலன் என்னை உட்காரவைத்துப் பேசினாள். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஆறு மாதம் நான் அட்டை எழுதக் கூடாது. துணி தேய்க்கலாம், கல்லாவில் நிற்கலாம். நியாயம்தான். கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீ எழுதிய அட்டையை நான் இரண்டாம் தடவை பார்த்ததே இல்லை, செல்வி. இனிமேல் பார்ப்பேன்" என்றாள். அதுதான் வலித்தது.

ஒரே ஓர் அட்டைக்கு மட்டும் விலக்கு. பச்சை உடுப்பின் அட்டையில் என்னையே திருத்தி எழுதச் சொன்னாள். 'பழுதுபார்த்த இடம்: இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'இடது அக்குள், நான்கு விரற்கடை, மூன்று வரி, இந்த வருடம், செல்வி' என்று எழுதினேன். உடுப்பு மறுபடி ஜன்னலுக்குப் போனது. உயர்ந்த கை தெருப்பக்கம் இருக்கும்படி பொம்மையைத் திருப்பி வைத்தேன்.

அன்று பேட் வந்தார். கைத்தடியை ஊன்றி, குனிந்து, அட்டையை முழுதாகப் படித்தார். நான் தேய்ப்பு மேசையை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்கு இரவெல்லாம் சேர்த்துவைத்த ஆங்கிலம் ஒன்றும் நாக்கில் வரவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் பேட். "ஹெலன் தையலைத் திருப்பிக் காட்டினாள் பார், அந்த நிமிஷமே தெரியும். எங்கள் தையல் அறையில் உங்கள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று போதும் என்று எத்தனை திட்டினாலும் மூன்று வரிதான் ஓட்டுவார்கள். இந்த ஊரில் அந்தக் கை வேறு யாருக்கு இருக்கிறது?"

"பிறகு ஏன் ஞாபகம் இல்லை என்று சொன்னீர்கள்?"

"எண்பத்தொரு வயதில் ஞாபகம் இல்லை என்றால் என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். உன்னைத் தூக்குவார்கள். அதோடு, நீயே சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன்." பேட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். குரலில் கோபமே இல்லை. "போன் ஹாலில் இருக்கிறது. எனக்கு முட்டி வலி, எழுந்து போகவே நேரமாகும். ஹெலன் கூப்பிட்டுச் சொல்லும்வரை, அந்த நான்கு நாளும் மணி அடித்த ஒவ்வொரு தடவையும் நீதான் என்று நினைத்து எழுந்து போனேன்."

அந்த நான்கு நாளும் என் போன் என் மடியில்தான் இருந்தது.